அடிபட்ட பால் பல் கறுத்தால் பிடுங்கிவிட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். ஐந்து வாரங்களுக்கு முன்பு குளியலறையிலிருந்து ஈரக் காலோடு ஓடி வந்தவள், வழுக்கி விழுந்ததில் கிரானைட் படியின் விளிம்பில் வாய் இடித்துவிட்டது. மேல் வரிசை முன்பற்கள் இரண்டிலும் அடி. வலப்பக்கப் பல் சற்று ஆடியது; இடப்பக்கப் பல் ஈறுக்குள் பாதி ஏறிவிட்டது. அன்று பார்த்த பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, வேர் முறியவில்லை என்று சொல்லி, வலி மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினார். இப்போது ஆட்டம் நின்றுவிட்டது. ஏறிய பல்லும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள், வீக்கமோ காய்ச்சலோ இல்லை. ஆனால் வலப்பக்கப் பல் மட்டும் சாம்பல் நிறமாகக் கறுத்துக்கொண்டே வருகிறது. இன்னொரு மருத்துவமனையில் காட்டியபோது, நரம்பு செத்துவிட்டது, மயக்க மருந்து கொடுத்து ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும் என்கிறார்கள். என் மாமியாரோ, "எப்படியும் விழப்போகிற பல்தானே, பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் அடியில் இருக்கிற பல்லும் கறுப்பாக வரும்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்? அன்றைக்கே ஆன்டிபயாடிக் கொடுத்திருக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் அப்படியே சரி என்றால், உங்கள் மகளுக்கு இப்போது ரூட் கெனாலும் தேவையில்லை, பல்லைப் பிடுங்கவும் தேவையில்லை. குழந்தையையோ எக்ஸ்ரேயையோ நான் பார்க்கவில்லை என்பதால், இந்தப் பதிலை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால், வலியோ வீக்கமோ சீழோ இல்லாமல், ஆட்டமும் நின்று, நிறம் மட்டும் மாறியிருக்கும் பால் பல்லைத் தொடாமல் கண்காணிப்பதுதான் இன்று உலகெங்கும் குழந்தைகள் பல் மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. பல் காயங்களுக்கான சர்வதேச அமைப்பு 2020ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன.

பல் ஏன் கறுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். பல்லின் நடுவே பற்கூழ் என்ற மென்மையான திசு இருக்கிறது. நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது இதைத்தான், உண்மையில் அதற்குள் நரம்பைப் போலவே இரத்தக் குழாய்களும் நிறைந்திருக்கின்றன. பல்லில் அடி விழும்போது அந்த நுண்ணிய குழாய்கள் கசிந்து, இரத்தத்தின் நிறமிகள் சுற்றிலும் உள்ள டென்டின் என்ற பல்லின் உட்சுவருக்குள் ஊறிவிடுகின்றன. முழங்காலில் அடிபட்டால் தோல் கன்றிப்போய்ச் சில நாள் நீலமாகத் தெரிவதில்லையா, அதே சங்கதிதான். தோலில் இரண்டு வாரத்தில் கலைந்துவிடுவது, பல்லுக்குள் கடினமான சுவருக்கு நடுவே அகப்பட்டுக்கொள்வதால் மாதக்கணக்கில் நிற்கிறது. சில குழந்தைகளுக்குச் சில மாதங்களில் சாம்பல் நிறம் வெளுத்துப் பல் ஏறக்குறையப் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். சிலருக்கு அது மஞ்சளாக மாறும். அதற்குப் பற்கூழ் உயிரோடிருந்து, தன்னைக் காத்துக்கொள்ள உள்ளறையைச் சுண்ணச் சத்தால் நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கும் சிகிச்சை தேவையில்லை. வேறு சிலருக்குப் பல் விழும் வரை சாம்பலாகவே இருந்துவிடும்.

எனவே "நரம்பு செத்துவிட்டது" என்று நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பெரியவர்களிடம் குளிர்ச்சியை வைத்தும் மெல்லிய மின்னோட்டத்தைக் கொடுத்தும் நரம்பு உயிரோடிருக்கிறதா என்று சோதிப்போம், இரண்டரை வயதுக் குழந்தையிடம் "இப்போது கூசுகிறதா?" என்று கேட்டு வாங்கும் பதிலை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பால் பல்லில் அந்தச் சோதனைகள் நம்பகமானவையும் அல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பற்கூழ் உண்மையிலேயே செயலிழந்திருந்தாலும், அதில் கிருமித் தொற்று ஏறாதவரை, அந்தப் பல் தன் காலம் வரை வாயில் இருந்து வேலை செய்துவிட்டு இயல்பாக விழுந்துவிடக்கூடும். சாம்பல் நிறப் பால் பல்லுக்குச் செய்யப்படும் ரூட் கெனால்களில் கணிசமானவை, குழந்தையின் தேவையைவிடப் புகைப்படத்தில் பல் எப்படித் தெரிகிறது என்ற பெரியவர்களின் கவலைக்காகவே செய்யப்படுகின்றன என்பது என் கருத்து. சக மருத்துவர்கள் சிலர் இதற்காக என்னிடம் கோபித்துக்கொள்வதும் உண்டு.

கவனிக்க வேண்டிய இடம் ஈறு. வாரம் ஒரு முறை, குழந்தை வயிறு நிறைந்து உற்சாகமாக இருக்கும் வேளையில், ஜன்னல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். எதிரே இன்னொருவர் உங்கள் முழங்காலோடு முழங்கால் சேர உட்கார்ந்து, குழந்தையின் கால்களைத் தம் இடுப்புப் பக்கம் வைத்துக்கொள்ள, தலையை உங்கள் மடியில் மல்லாத்திச் சாய்த்தால் மேல் ஈறு முழுவதும் உங்களுக்கு நேராகத் தெரியும். ஆட்காட்டி விரலை மேலுதட்டின் ஓரத்தில் கொடுத்து மெல்ல உயர்த்துங்கள். நடுவில் உதட்டையும் ஈற்றையும் இணைக்கும் சவ்வை இழுக்காதீர்கள். பல் ஈறுக்குள் நுழையும் விளிம்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. அதற்கு மேலே, உதடு ஈற்றோடு மடியும் பள்ளம் வரை பார்க்க வேண்டும், ஏனென்றால் வேரின் நுனி அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தில் கடுகளவில் ஒரு கொப்புளம், வெளிர் மஞ்சள் முனையோடோ சிவந்தோ தெரிந்தால், அது உள்ளிருந்து சீழ் வெளியேறும் வாய். சில நாள் வடிந்து அமுங்கிப்போய் மறுபடி வரும், வலி இருக்காது, அதனால் "வேனல் கொப்புளம்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். கைப்பேசியில் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், நிறம் கூடுகிறதா குறைகிறதா என்பதற்கும் ஞாபகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

கொப்புளம், ஈறு வீக்கம், ஆடாமல் நின்ற பல் மீண்டும் ஆடத் தொடங்குவது, கடிக்கும்போது முகம் சுளித்து அந்தப் பக்கத்தை ஒதுக்குவது, இரவில் வலித்து எழுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டால் அப்போது சிகிச்சை தேவைப்படும், தள்ளிப்போடக் கூடாது. முகமே வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். பால் பல்லில் விழும் அடி நிலைப்பல்லைப் பாதிக்கலாம் என்பது உண்மை. மேல் முன்பற்களின் பால் வேர்களுக்குப் பின்னால், அண்ணத்தை ஒட்டி, நிலைப்பல்லின் கரு மிக நெருக்கமாக அமர்ந்திருக்கிறது. அந்த நிலைப்பல்லின் எனாமல் குழந்தை பிறந்த மூன்று நான்கு மாதங்களில் உருவாகத் தொடங்கி, நான்கு அல்லது ஐந்து வயதில்தான் முழுமையடைகிறது. உங்கள் மகளின் வயதில் அந்த வேலை நடுவில் இருக்கிறது. ஆகவே, பால் பல்லின் வேர் அதிர்ச்சியில் அந்தக் கருவை இடித்திருந்தால், ஏழெட்டு வயதில் முளைக்கும் பல்லில் வெள்ளையாகவோ பழுப்பு மஞ்சளாகவோ ஒரு திட்டு இருக்கலாம்; எனாமலில் ஒரு சிறு பள்ளம் இருக்கலாம்; அரிதாகப் பல்லின் தலையோ வேரோ வளைந்து வளரலாம், அல்லது முளைப்பது தாமதமாகலாம்.

அவருடைய கணக்கு பிசகுவது காலத்தில்தான். நிலைப்பல்லுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் அது படியில் இடித்த அந்தக் கணத்திலேயே நேர்ந்துவிட்டது. ஐந்து வாரம் கழித்துப் பால் பல்லைப் பிடுங்குவதால் அது திரும்பிவிடாது. பால் பல்லின் கறுப்பு அடியில் இருக்கும் பல்லுக்கு இறங்குவதும் இல்லை. இரண்டும் தனித்தனிப் பற்கள், தனித்தனி உறைகளுக்குள் வளர்பவை. இனிமேல் கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, பால் பல்லின் வேர் நுனியில் நெடுநாள் தங்கும் சீழ். கொப்புளத்தைத் தேடச் சொன்னதும் அதற்காகத்தான். மேலும், இந்த வயதில் பல்லைப் பிடுங்கும்போது கருவி சற்று ஆழமாகப் போனால் அதுவே கருவைக் காயப்படுத்தக்கூடும் என்பதையும் மாமியாரிடம் சொல்லலாம்.

ஈறுக்குள் ஏறிய இடப்பக்கப் பல்லைப் பற்றி நீங்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை; நான் உங்கள் இடத்தில் இருந்தால் கறுத்த பல்லைவிட இதையே அதிகம் கவனிப்பேன். பால் பல் அடியில் ஆடுவது, வெளியே நீள்வது, பக்கவாட்டில் சாய்வது, முழுதாகக் கழன்று விழுவது என்று பல வகை உண்டு. அவற்றில் மேலே குத்தி ஏறுவதுதான் நிலைப்பல்லின் கருவுக்கு மிகுந்த ஆபத்தானது. நல்ல வேளையாக, மேல் முன்பால்பற்களின் வேர் நுனி உதட்டுப் பக்கமாகச் சற்று வளைந்திருப்பதால், பெரும்பாலும் அவை மேலேறும்போது கருவை விட்டு விலகி முன்பக்கமாகவே போகின்றன. முதல் மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயில் அந்தப் பல் பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாகத் தெரிந்தால் அது உதட்டுப் பக்கம் போயிருக்கிறது. நீளமாகத் தெரிந்தால் கருவை நோக்கிப் போயிருக்கிறது. இதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கருவை நோக்கிப் போயிருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும் என்பது பழைய நடைமுறை. இப்போது எந்தத் திசையில் போயிருந்தாலும் தானாக இறங்க விடுவதே முறை. பெரும்பாலான பற்கள் ஆறு மாதத்துக்குள் தம் இடத்துக்கு வந்துவிடுகின்றன, சில ஓராண்டு வரை எடுத்துக்கொள்கின்றன. ஐந்து வாரத்தில் அசைவு தெரிகிறது என்பது நல்ல செய்தி. அதை விரலால் பிடித்து இழுப்பதோ, யாராவது எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதோ கூடாது. ஓராண்டாகியும் இறங்காமல் எலும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டால், அல்லது இடையில் சீழ் பிடித்தால், அப்போது எடுப்பதைப் பற்றிப் பேசலாம்.

ரூட் கெனால் தவறான சிகிச்சை என்று நான் சொல்ல வரவில்லை. தொற்று உறுதியாகி, வேர் இன்னும் கரையாமல் உறுதியாக இருந்தால், உள்ளே சுத்தம் செய்து, பால் வேர் கரையும்போது கூடவே கரைந்துபோகும் பசையை நிரப்பிப் பல்லைக் காப்பாற்றுவது நல்ல வழி. பெரியவர்களுக்கு நிரப்பும் கரையாத பொருளை இங்கே பயன்படுத்துவதில்லை. ஆனால் அசையாமல் வாய் திறந்திருக்கத் தெரியாத இந்த வயதில் அதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்தோ, இறுக்கிப் பிடித்துக்கொள்வதோ தேவைப்படுகிறது. முன்னதில் சிறிதளவேனும் ஆபத்து உண்டு, பின்னது பல் மருத்துவர் என்றாலே அலறும் குழந்தையை உருவாக்கிவிடும். தேவை இருந்தால் அந்த விலையைக் கொடுக்கலாம். இப்போது தேவை இல்லை. சில வேளைகளில் தொற்று மிஞ்சிப் பல்லை எடுக்கவே நேர்ந்தாலும் மனம் உடைந்துவிட வேண்டாம். கோரைப் பற்கள் முளைத்துவிட்ட பிறகு முன்பல் ஒன்று முன்கூட்டியே போனால் இடம் பெரிதாகச் சுருங்குவதில்லை. பேச்சும் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

ஆன்டிபயாடிக் கொடுக்காமல் விட்ட முதல் மருத்துவர் செய்தது சரிதான். பல் அசைந்ததற்கோ ஏறியதற்கோ அது வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. உதடும் ஈறும் பெரிதாகக் கிழிந்து மண் புகுந்திருந்தாலோ, குழந்தைக்கு இதய நோய் போன்ற வேறு காரணங்கள் இருந்தாலோதான் அதை யோசிப்போம். டெட்டனஸ் பற்றிய கவலைக்கு, ஒன்றரை வயதுவாக்கில் போடும் முத்தடுப்பு ஊக்க ஊசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதில் முக்கியமானது பல் துலக்குவது. அடிபட்ட இடம் நோகுமே என்று அம்மாக்கள் அந்த இரண்டு பல்லை மட்டும் விட்டுவிட்டுத் துலக்குகிறார்கள். பத்து நாளில் அங்கே அழுக்குப் படிந்து ஈறு சிவந்து வீங்கி, அடியால் வந்த வீக்கம் என்று பயந்து ஓடி வருகிறார்கள். மென்மையான தூரிகையில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு அரிசி மணி அளவு ஃபுளோரைடு பற்பசை வைத்து, காலையும் இரவும் நீங்களே துலக்கிவிடுங்கள். அடிபட்ட முதல் வாரத்தில் ஆல்கஹால் கலக்காத குளோர்ஹெக்சிடின் மருந்தைப் பஞ்சில் தொட்டு நாளுக்கு இருமுறை ஈற்றைத் துடைப்பதுண்டு. ஐந்து வாரம் கடந்துவிட்டதால் உங்களுக்கு இனி அது வேண்டாம். பால் புட்டி, சூப்பான், விரல் சூப்பும் பழக்கம் ஏதாவது இருந்தால் இதுவே விடுவிக்க நல்ல சமயம், ஏனென்றால் இறங்கிக்கொண்டிருக்கும் பல்லை அவை தள்ளிக்கொண்டே இருக்கும். இட்லி, தயிர் சாதம் என்று இனியும் குழைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. முறுக்கையும் முழுக் கரும்பையும் முன்பல்லால் கடிக்க விடாமல், மற்றபடி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இதே வயதில் குழந்தைகள் உள்ள மற்ற வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். நடக்கப் பழகி ஓடத் தொடங்கும் இரண்டு மூன்று வயதில்தான் பால் பல் காயங்கள் மிகுதியாக நேர்கின்றன, அடிபடுவது பெரும்பாலும் மேல் நடுப் பற்கள். விழுந்த குழந்தை நினைவிழந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக மயங்கித் தூங்கினாலோ பல்லை மறந்துவிட்டு முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாய் இரத்தம் எச்சிலோடு கலந்து நிறையத் தெரியும். சுத்தமான ஈரத் துணியை மடித்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். காப்பித்தூள், சர்க்கரை, மஞ்சள், கிராம்பு எண்ணெய் எதுவும் வேண்டாம். கிராம்பு எண்ணெய் பச்சைக் காயத்தைப் பொத்துப்போகச் செய்துவிடும். மேலுதட்டுச் சவ்வு கிழிந்திருந்தால் அடிக்கடி உதட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள், பார்க்கும்போதெல்லாம் மறுபடி இரத்தம் வரும். அது பெரும்பாலும் தையல் இல்லாமலே ஆறிவிடும். பல் உடைந்து துண்டு கிடைக்கவில்லை, உதடும் வீங்கியிருக்கிறது என்றால், துண்டு உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பல் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டால், பால் பல்லை மீண்டும் குழியில் பொருத்தக் கூடாது. பொருத்த முயன்றால் அடியிலுள்ள கருவைக் குத்திவிடுவோம். நிலைப்பல்லுக்கு இதற்கு நேர்மாறான விதி: அதைத் தலைப்பகுதியில் பிடித்து உடனே குழியில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆறேழு வயதுக் குழந்தைகளிடம் இரண்டும் கலந்திருக்கும் என்பதால் சந்தேகம் இருந்தால் தொலைபேசியிலாவது கேட்டுவிடுங்கள். விழுந்த பால் பல் கைக்குக் கிடைத்தால் அதையும் கொண்டு போங்கள். கிடைக்கவில்லை என்றால், அது முழுதாக ஈறுக்குள் ஏறி மறைந்திருக்கலாம், எக்ஸ்ரேயில் தெரியும். குழந்தைக்கு இடைவிடாத இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், அது அவசர நிலை.

இனி உங்கள் மகளுக்கு வருகிறேன். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒரு மறுபரிசோதனை தேவை. அது இப்போது வந்துவிட்டது. முதலில் பார்த்த மருத்துவரிடமே செல்லுங்கள், அல்லது பக்கத்தில் குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படித்தவர் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே தனித் துறை உண்டு. அதன் பிறகு விழுந்த நாளிலிருந்து ஆறாவது மாதம், ஓராண்டு முடிவில், பிறகு மகளுக்கு ஆறு வயது நிறையும்போது என்று காட்டிவர வேண்டும். அந்தக் கடைசிச் சந்திப்பில்தான் நிலைப்பற்கள் எப்படி வருகின்றன என்பது தெரியும். கறுத்த பால் பல் விழாமல் நின்று பின்னால் நிலைப்பல் எட்டிப் பார்த்தால் அதை எடுத்துவிடுவார்கள். அதற்குள் நீங்கள் ஊர் மாறியிருக்கலாம், மருத்துவரும் மாறியிருக்கலாம். ஆகவே முதல் நாள் எக்ஸ்ரேயின் நகலையும், விழுந்த தேதி, எந்தப் பல், எவ்வளவு ஏறியிருந்தது என்ற குறிப்பையும் எழுதி வாங்கித் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.